கொல்லைப்புறத்தில் பிறந்தவர் வாங்கிய வீடு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது என் வகுப்பறையில்தான்.

நான்காம் ஆண்டு மாணவர்களை 'என் வீடு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாரும் "என் வீடு அழகான வீடு. என் வீட்டில் மூன்று அறைகள் உள்ளன" என்றே தொடங்கியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தலைப்பையே அடித்துவிட்டு, 'நாங்கள் இருக்கும் வீடு' என்று மாற்றி எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "டீச்சர், அது கம்பெனி வீடு. அப்பா வேலைய விட்டா நாங்க போயிடணும். அப்புறம் எப்படி 'என் வீடு'ன்னு எழுதுறது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சிவப்பு மையைத் திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். 2004-ஆம் ஆண்டில் எங்கள் தோட்டம் கைமாறியது. மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்தோம். வீட்டைப் பெருக்கி, துடைத்து, கதவைப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார் என் அப்பா. "ஏன்ப்பா பெருக்கணும்? இடிக்கத்தானே போறாங்க" என்று கேட்டேன். "நாம இருந்த எடம்மா" என்றார். அவ்வளவுதான். அப்போது எனக்கு வயது பதினாறு.

இந்த இரண்டு நினைவுகளையும் மனத்தில் சுமந்துகொண்டுதான் 2023-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டின் வரலாற்றை இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பியூஃபோர்ட் ஊர்

என் பெரியம்மா மகன் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்னும் ஊரில் வேலை பார்க்கிறார். டிக்கெட்டுக்கு நான் இரண்டு வருடம் கூட்டுப் பிடித்துச் சேர்த்தேன். மற்றச் செலவை அண்ணன் பார்த்துக்கொண்டார். "தங்கச்சி, அமெரிக்கா வந்துட்டு நியூயார்க் பாக்காம பழைய வீட்டப் பாக்கணும்ங்கிறியே" என்று அண்ணி சிரித்தார். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலையில் மூவரும் காரில் கிளம்பினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சதுப்பு நிலங்களையும் உப்பங்கழிகளையும் கடந்து தென் கரோலினா மாநிலத்தின் பியூஃபோர்ட் நகரை அடைந்தோம்.

சிறிய ஊர்தான். தெருவெங்கும் பெரிய பெரிய ஓக் மரங்கள். கிளைகளில் சாம்பல் நிறப் பாசி, கிழவியின் நரைத்த கூந்தல்போல் தொங்குகிறது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துத் தீவுகளில் விளைந்த நீண்ட இழைப் பருத்தி உலகச் சந்தையில் உயர்ந்த விலைக்குப் போனது. அந்தப் பருத்தியைப் பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வாரிசுகளும். அந்தப் பணத்தில் வெள்ளை முதலாளிமார் கட்டிய மாளிகைகள்தாம் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

அவற்றுள் ஒன்று, பிரின்ஸ் தெரு 511-ஆம் எண் வீடு. மரப்பலகையால் ஆன பெரிய வெள்ளை வீடு. தூண்கள் வைத்த தாழ்வாரம். 1974-ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் போன சமயம் அது பிறர் குடியிருக்கும் தனியார் வீடாக இருந்தபடியால் உள்ளே செல்லவில்லை. தெருவில் நின்றே பார்த்தோம். நானோ வீட்டின் முகப்பைவிடப் பின்புறத்தை எட்டிப் பார்க்கவே முயன்றேன். ஏனென்றால் நம் கதையின் நாயகர் பிறந்தது அந்தக் கொல்லைப்புறத்தில்.

லிடியாவின் மகன்

1839-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிமைகளின் குடிசையில் ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்தார். தாயார் பெயர் லிடியா. வீட்டின் சொந்தக்காரர் மெக்கி குடும்பத்தார். லிடியா சிறுமியாக இருந்தபோதே தீவுத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர். சமைத்தது, துவைத்தது, முதலாளியின் பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் மாளிகைக்குள். படுத்தது கொல்லையில்.

சட்டப்படி அந்தக் குழந்தையும் ஹென்றி மெக்கியின் சொத்து. மாடு, குதிரை, நாற்காலி, மேசை என்று எழுதும் சொத்துப் பட்டியலில் இந்தப் பிள்ளையும் ஒரு வரி. எழுத்தறிவும் மறுக்கப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிக்கக் கூடாது என்று 1740-லும், படிக்கவும் கற்பிக்கக் கூடாது என்று 1834-லும் தென் கரோலினா சட்டம் போட்டது. பிள்ளைக்கு 'அ' சொல்லிக் கொடுத்தால் குற்றம்! ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சிறுவன் ராபர்ட்டை முதலாளி ஓரளவு செல்லமாகவே வைத்திருந்தார். அதுதான் தாய்க்குக் கவலை. 'நம் நிலை என்னவென்று தெரியாமலே இவன் வளர்ந்துவிடுவானே' என்று அஞ்சினாராம். ஆகவே மற்ற அடிமைகள் சவுக்கடி படுவதை மகன் கண்ணால் பார்க்கும்படி செய்தார். எந்தத் தாயாவது பிள்ளைக்கு இதைக் காட்டுவாளா என்று நமக்குத் தோன்றும். ஆனால் உண்மையை மறைத்து வளர்க்கும் அன்பைவிட உண்மையைக் காட்டி வளர்க்கும் அன்பு பெரிது என்று அந்தத் தாய் நினைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் ராபர்ட் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டார். ஓட்டலில் எடுபிடி, தெருவிளக்கு ஏற்றுபவர், துறைமுகத் தொழிலாளி, பாய்மரம் தைப்பவர் எனப் பல வேலைகள். சம்பளம் முதலாளிக்குப் போகும். வாரம் ஒரு டாலர் மட்டும் ராபர்ட்டுக்கு. 1856-இல் ஹன்னா என்ற பெண்ணை மணந்தார். அவரும் அடிமை. ஆனால் வேறொரு முதலாளிக்குச் சொந்தம். பிறந்த பெண்குழந்தையும் தாயின் முதலாளிக்கே சொந்தம். மனைவியையும் மகளையும் விலை கொடுத்து மீட்க நினைத்தார். கேட்ட விலை 800 டாலர். வாரம் ஒரு டாலர் சேர்ப்பவருக்கு அது எத்தனை வருடக் கணக்கு என்று நம் மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

விடியற்காலைக் கப்பல்

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலைத் தென்னவர் படை ஆயுதம் ஏற்றப் பயன்படுத்தியது. அதன் சுக்கானைப் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வேலை மாலுமித் தலைவனின் வேலை. ஆனால் கறுப்பருக்கு அந்தப் பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

1862 மே 12-ஆம் நாள் இரவு, கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையிறங்கி வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார்கள். ராபர்ட்டும் சக அடிமை மாலுமிகளும் காத்திருந்த நேரம் அதுதான். மறுநாள் விடியுமுன்னே கொதிகலனை மூட்டினார்கள். வேறொரு துறையில் ஒளிந்திருந்த தங்கள் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டார்கள். ஆண்கள் எண்மர், பெண்கள் ஐவர், பிள்ளைகள் மூவர். ராபர்ட் கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் நிற்பதுபோலவே நின்றார். கோட்டைகளைக் கடக்கும்போது ஊத வேண்டிய சங்கேத ஒலி அவருக்கு மனப்பாடம். பிடிபட்டால் மரணம் நிச்சயம்.

எல்லாவற்றிலும் பெரிய கோட்டையான சம்டர் கோட்டை முன்பும் ஊதினார். காவலர்கள் போகலாம் என்று விட்டார்கள். பீரங்கி எட்டாத தொலைவுக்கு வந்தவுடன் தென்னவர் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வடக்கின் 'ஆன்வர்ட்' என்ற போர்க்கப்பல் சுடத் தயாராக இருந்தது. அந்த வெள்ளைத் துணி கண்ணில் படவே சுடாமல் விட்டது. பீரங்கிகளோடும் சங்கேதப் புத்தகத்தோடும் கப்பலை ஒப்படைத்தார் ராபர்ட். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது.

அந்த ஆண்டே வாஷிங்டன் சென்று, கறுப்பர்களைப் படையில் சேர்க்க வேண்டும் என்று அரசிடம் வாதாடினார். 5,000 பேரைச் சேர்க்க அனுமதி கிடைத்தது. பின்னர், அதே பிளான்டர் கப்பல் குண்டு மழையில் அகப்பட்டபோது வெள்ளைத் தலைவன் நிலக்கரி அறையில் போய் ஒளிந்துகொள்ள, ராபர்ட் பொறுப்பேற்றுக் கப்பலைக் காத்தார். அதன்பிறகே கப்பல் தலைவர் ஆனார்.

வீடு கைமாறியது

இனி வீட்டுக் கதைக்கு வருவோம். 1861 நவம்பரில் வடக்கின் கடற்படை பியூஃபோர்ட் வட்டாரத்தைப் பிடித்தது. வெள்ளை முதலாளிமார் வீட்டையும் தோட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். 1862-இல் மத்திய அரசு நிலவரிச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. வரி கட்டாதவர் சொத்து ஏலத்துக்கு வரும். ஓடிப்போனவர்கள் எப்படி வரி கட்டுவார்கள்? வீடுகள் ஏலத்துக்கு வந்தன. பிரின்ஸ் தெரு 511-ஆம் எண் வீடும் வந்தது.

கப்பலைக் கொண்டுவந்ததற்காக ராபர்ட்டுக்கு அரசு கொடுத்த பங்குப் பரிசு 1,500 டாலர். கையில் பணம் இருந்தது. எத்தனையோ வீடுகள் ஏலத்தில் இருந்தன. அவர் வாங்கியது தாம் பிறந்த கொல்லைக்கு முன்னால் நின்ற வீட்டை! சொத்துப் பட்டியலில் ஒரு வரியாக இருந்தவரின் பெயர், இப்போது அதே வீட்டுப் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் எழுதப்பட்டது.

போர் முடிந்தபின் பழைய சொந்தக்காரர் தரப்பு சும்மா இருக்கவில்லை. அவர்கள் வழியில் உரிமை கோரிய டி ட்ரெவில் என்பவர் வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1878-இல் ஸ்மால்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. வரி ஏலம் செல்லும், பத்திரம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வட்டாரத்தில் அப்படி ஏலத்தில் வாங்கிய விடுதலை பெற்ற மற்றக் குடும்பங்களுக்கும் அந்தத் தீர்ப்புப் பெரும் பாதுகாப்பு. கப்பலைக் கடத்திய வீரம் ஒரு விடியற்காலை வீரம். ஒரு வீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்குவது ஆண்டுக் கணக்கான வீரம். இரண்டாவது வீரத்தை யாரும் படமாக வரைவதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கூரையைக் கொடுத்தது அதுதான்.

முதலாளி குடும்பத்துக் கிழவி ஒருத்தி, புத்தி தடுமாறிய நிலையில், பழைய நினைவில் அந்த வீட்டுக்கே திரும்பி வந்தாராம். ராபர்ட் அவரைத் துரத்தாமல் அவருடைய பழைய அறையிலேயே தங்க வைத்தார் என்று அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எழுத்தறிந்தவர் கட்டிய பள்ளி

விடுதலை அடைந்தபோது ராபர்ட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிலடெல்பியா நகரில் இருந்த மாதங்களில் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொண்டார். கறுப்பர் என்பதற்காக அதே நகரில் டிராம் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டதும் உண்டு. தாம் கற்றவுடன் அவர் செய்த காரியங்களுள் ஒன்று, பியூஃபோர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தை வாங்கிக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக ஆக்கியது. 1868-இல் தென் கரோலினாவின் புதிய அரசியல் சட்டத்தை எழுதிய மன்றத்தில் உறுப்பினரானார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று அங்கே முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். படித்தால் குற்றம் என்ற நாட்டில், படிக்காவிட்டால் குற்றம் என்று சட்டம் கேட்டார்!

மாநில மன்றத்திலும், பின்னர் 1875 முதல் இடைவெளிகளோடு 1887 வரை நாட்டின் காங்கிரசிலும் உறுப்பினராக இருந்தார். எதிரிகள் விடவில்லை. 1877-இல் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டு, பிறகு ஆளுநரால் மன்னிக்கப்பட்டார். 1895-இல் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்கவே ஒரு புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்தார்கள். வாசித்துக் காட்ட வேண்டும், இல்லையேல் 300 டாலர் சொத்து வேண்டும் என்று நிபந்தனை. அந்த மன்றத்திலிருந்த ஆறு கறுப்பர்களுள் ஸ்மால்ஸ் ஒருவர். என் இனத்துக்குச் சலுகை வேண்டாம், சமமான வாய்ப்பு ஒன்றே போதும் என்ற கருத்தில் வாதாடினார். சட்டம் நிறைவேறியது. அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

வாக்கு போயிற்று. பதவிகள் போயின. வீடு மட்டும் போகவில்லை. 1915 பிப்ரவரியில், தாம் பிறந்த அதே மனையில், தம் சொந்த வீட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் கண்ணை மூடினார். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறையையும் மார்பளவுச் சிலையையும் பார்த்தோம். அவர் பெயரில் இன்று அவ்வூரில் ஒரு பள்ளி நடக்கிறது.

பாலத்துக்கு அப்பால்

பிற்பகல் பாலம் கடந்து செயின்ட் ஹெலினா தீவுக்குப் போனோம். விடுதலை பெற்ற மக்களுக்காக 1862-இல் தொடங்கிய பென் பள்ளி அங்கே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த லாரா டவுன் என்ற ஆசிரியை 1901-இல் இறக்கும்வரை அங்கேயே பணி செய்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! பள்ளி 1948-இல் மூடப்பட்டு இப்போது அரும்பொருளகமும் சமூக நிலையமுமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோறும் வெண்டைக்காயும் கிடைத்தன. அங்குள்ள கல்லா மக்களின் உணவு அது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் முன்னோரோடு வந்தது. "பாரு, நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு" என்றார் அண்ணி.

அங்கே தெரிந்துகொண்ட ஒரு செய்தியைப் பெற்றோர்கள் காதில் போட்டு வைக்க விரும்புகிறேன். விடுதலைக்குப் பின் அந்தத் தீவுகளில் எத்தனையோ குடும்பங்கள் அரும்பாடுபட்டு நிலம் வாங்கின. ஆனால் பலர் உயில் எழுதவில்லை. நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என எல்லாருக்கும் பொதுவாகிப் போனது. எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்பான். வாங்கியவன் நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவான். இப்படியே நூறு வருடம் உழுத நிலம் கைவிட்டுப் போன குடும்பங்கள் பல. அவர்களுக்குச் சட்ட உதவி செய்ய அமைப்புகள் உழைத்து வருகின்றன. வியர்வை சிந்தி வாங்கினால் மட்டும் போதாது. காகிதத்தில் எழுதியும் வைக்க வேண்டும்.

நம் பாட்டன்மார் அடிமைகள் அல்லர். ஒப்பந்தத்தில் வந்தவர்கள், கங்காணியோடு வந்தவர்கள். அந்த வேதனையையும் இந்த வேதனையையும் ஒரே தராசில் வைப்பது அவர்களுக்கும் நீதியன்று, நமக்கும் நீதியன்று. யாரும் நம் பிள்ளையைத் தனியாகப் பிரித்து ஏலம் விடவில்லை. ஆனாலும் தன்னுடையது அல்லாத கூரையின் கீழ்ப் பிள்ளை பெற்று வளர்ப்பது எப்படியிருக்கும் என்று நமக்கும் கொஞ்சம் தெரியும். ஆகவேதான் அந்த வெள்ளை வீட்டு வாசலில் நின்றபோது, பெருக்கித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்த என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

பள்ளி திறந்ததும் இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். பையன்களுக்குக் கப்பல் கதைதான் பிடித்தது. தொப்பியை எப்படி மாட்டினார், எப்படி ஊதினார் என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள். அந்த மாணவி மட்டும் கடைசியில் கை தூக்கினாள்.

"டீச்சர், அவங்க அம்மா எங்க படுத்தாங்க? பின்னாடியா, உள்ளயா?"

"உள்ளதாம்மா. சாகுற வரைக்கும் மகன்கூட அந்தப் பெரிய வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தாள். 'என் வீடு' என்று தலைப்புப் போட்டுவிட்டு, அதன் கீழே, 'நான் வளர்ந்து வாங்கப் போகும் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்' என்று தொடங்கினாள். அந்தக் கட்டுரைக்கு நான் சிவப்பு மையைத் தொடவே இல்லை.

அன்புப் பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துங்கள். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு, நிலமிருந்தால் கிராண்டு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் ஒழுங்காக வையுங்கள். பிள்ளையை அருகில் உட்கார வைத்து அவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் பள்ளியில் சொல்லித் தரும் எழுத்து அங்கேதான் உங்களுக்குக் கூரையாக மாறும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் செல்வங்கள்!